அம்மாவின் காதுக்கு மட்டும் கேட்கும் மாற்றம்

கேள்வி: ஆங்கிலம் பேசும் நாடொன்றில் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. என் ஆங்கிலம் இந்த ஊர்க்காரர்களுடையதைப் போலவே ஆகிவிட்டது என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். தொலைபேசியில் பேசும்போது, என் தமிழும் மாறிவிட்டது என்று அம்மா வருந்துகிறார். உறவினர்களோ 'பந்தா' என்கிறார்கள். நான் வேண்டுமென்றே எதுவும் செய்யவில்லை. இதைத் திருத்திக்கொள்ள வேண்டுமா?

பதில்: 'பந்தா' என்ற பழியை முதலில் மனத்திலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். நாள் முழுவதும் எவருடைய பேச்சைக் கேட்கிறோமோ, அவருடைய சாயல் நம்மை அறியாமலே நம் நாவில் படிகிறது. அண்டார்க்டிகாவில் ஒரு குளிர்காலத்தைச் சேர்ந்து கழித்த 11 பேரின் பேச்சை ஒலியியல் ஆய்வாளர் ஜொனாதன் ஹாரிங்டன் குழுவினர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டபோது, சில மாதங்களுக்குள்ளேயே அவர்களுடைய உயிரொலிகள் சிறிதளவு நகர்ந்திருந்தது தெரிந்தது. அங்கே யாரிடம் பந்தா காட்ட முடியும்?

அம்மா சொல்வதும் பொய்யல்ல. உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு தமிழில் 'பல்' என்று சொல்லுங்கள்; கையில் காற்று அநேகமாகப் படாது. அடுத்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் சொல்வதுபோல 'பென்' (pen) என்று சொன்னால், ஓர் ஊதல் வந்து கையில் மோதும். உதடு திறப்பதற்கும் குரல் அதிரத் தொடங்குவதற்கும் நடுவே உள்ள மிகச்சிறிய இடைவெளி ஆங்கிலத்தில் நீள்வதே இதற்குக் காரணம். அமெரிக்காவில் வாழ்ந்த பிரேசில்காரர் ஒருவரிடம் ஆய்வாளர்கள் மிஷெல் சான்சியரும் கரோல் ஃபௌலரும் இந்த இடைவெளியையே அளந்து 1997இல் எழுதினார்கள். பிரேசிலில் இரண்டரை மாதம் தங்கிய பிறகு அது அவருடைய இரு மொழிகளிலும் குறுகியிருந்தது. அமெரிக்காவில் சில மாதங்கள் இருந்த பிறகு தாய்மொழியான போர்ச்சுகீசியத்திலும் நீண்டிருந்தது. அந்த நுண்ணிய வேறுபாட்டைப் போர்ச்சுகீசியம் பேசுவோரின் காதுகள் கண்டுகொண்டன. உங்கள் அம்மாவின் காதும் அத்தகையதுதான்.

ஆகவே, ஆங்கிலத்தை வலிந்து பழைய சாயலுக்கு இழுக்க வேண்டாம். அது உங்களைச் சுற்றியுள்ளவர்களோடு பழகியதால் வந்தது. தமிழுக்கு வேண்டியது உச்சரிப்புப் பயிற்சியைவிடத் தமிழ்ப்பேச்சைக் கேட்கும் நேரமே என்பது என் உறுதியான எண்ணம். வாரத்தில் ஒரு நாளாவது அம்மாவை நீண்ட நேரம் பேசவிட்டு, இடைமறிக்காமல் கேளுங்கள். அடுத்த விடுமுறையில் ஒரு மாதம் அவரோடு தங்க முடிந்தால், வந்த நாளிலும் கிளம்பும் நாளிலும் ஒரே பத்தியை உரக்கப் படித்துப் பதிவுசெய்து, இரண்டையும் அவரிடமே போட்டுக் காட்டுங்கள்.