அடுப்படிக் கேள்விகள்: மூடியைப் பார்த்துத் தண்ணீர் வையுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழுப்பரிசி பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பாக்கெட்டில் ஒரு டம்ளர் பழுப்பரிசிக்கு 2 டம்ளர் தண்ணீர் என்று போட்டிருக்கிறது. எனக்கு மட்டும் சமைக்கும்போது நன்றாகவே வருகிறது. விருந்தாளிகள் வந்த அன்று அதே பாத்திரத்தில் 4 டம்ளர் அரிசிக்கு 8 டம்ளர் தண்ணீர் வைத்தேன், களியாகிவிட்டது. கணக்கு சரிதானே?

பதில்: பெருக்கல் சரிதான், ஆனால் சோறு அந்தக் கணக்கில் வேகாது. ஒரு டம்ளர் பழுப்பரிசி வெந்து முடிக்கச் சுமார் ஒன்றேகால் டம்ளர் தண்ணீரைத்தான் குடிக்கிறது. நீங்கள் வைக்கிற இரண்டில் மீதி முக்கால் டம்ளர் மூடியின் இடுக்கு வழியாக ஆவியாகப் போய்விடும். அரிசியை நான்கு மடங்காக்கினால் அரிசி குடிப்பது நான்கு மடங்காகும். ஆனால் பாத்திரம் அதே, மூடி அதே, வேகும் நேரமும் ஏறக்குறைய அதே என்பதால் ஆவியாகப் போவது அந்த முக்கால் டம்ளரை ஒட்டித்தான் இருக்கும். ஆக, 5 டம்ளரும் ஒரு முக்காலும், கிட்டத்தட்ட 6 டம்ளர் போதும். நீங்கள் வைத்தது 8. களியாகாமல் என்ன செய்யும்?

நானும் பல வருடம் பாக்கெட்டை நம்பியவள்தான். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் சமையலறைத் தராசை எடுத்து வைத்து, வைக்கும் முன்பும் இறக்கிய பின்பும் பாத்திரத்தை நிறுத்துப் பார்த்தேன். அதே அரிசி, அதே தீ, மூடி மட்டும் வேறு. ஆடுகிற மூடி போட்ட அன்று முக்கால் டம்ளருக்கு மேல் காணாமல் போயிருந்தது. கனமாக உட்காருகிற மூடியில் கால் டம்ளர்கூடப் போகவில்லை. அன்றிலிருந்து யார் அளவு கேட்டாலும் ‘உங்கள் மூடி எப்படி?’ என்றுதான் முதலில் கேட்பேன்.

பதம் பார்க்க மூடியைத் திறக்காதீர்கள், காதைக் கொடுங்கள். முதலில் கொதக்கொதக்கென்று சத்தம் வரும். தண்ணீர் வற்ற வற்ற அது அடங்கி, மெல்லிய சீறலாக மாறும். அப்போது ஒரு தடவை திறந்தால் சோற்றின் மேல் எறும்புப் புற்று வாய் மாதிரி குட்டிக் குட்டித் துளைகள் தெரியும். பாத்திரத்தைச் சாய்த்தால் ஓரத்தில் தண்ணீர் சேரக்கூடாது. அவ்வளவுதான், அடுப்பை அணைத்து மூடியைப் போட்டு 10 நிமிடம் தொடாமல் விடுங்கள். அடியில் இருக்கிற ஈரம் மேலேறி எல்லாப் பருக்கைக்கும் போவது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

கேள்வி: 45 நிமிடம் அடுப்பு எரிகிறது. ஊறவைத்தால் குறையுமா?

பதில்: குறையும். பழுப்பரிசியில் உமியை மட்டும்தான் நீக்கியிருப்பார்கள், தவிடு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போகத்தான் இவ்வளவு நேரம். ராத்திரி ஊறவைத்தால் முக்கால் மணி என்பது அரை மணிக்கு வந்துவிடும். வெக்கையான நாளில் ஃபிரிட்ஜுக்குள் ஊறவையுங்கள், வெளியில் வைத்தால் புளிப்பு வாடை வரும். முக்கியமாக, ஊறிய அரிசி ஏற்கெனவே தண்ணீர் குடித்திருக்கிறது, அந்த அளவைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். ‘ஊறவைத்தேன், குழைந்துவிட்டது’ என்று எழுதிய மூன்று பேருக்கும் இதுவே பதில்.

கேள்வி: புதிதாக ஒரு பாத்திரம் வாங்கப் போகிறேன். எவர்சில்வரா, அலுமினியமா, வார்ப்பிரும்பா?

பதில்: உலோகத்தின் பெயரைவிட அடியின் கனத்தைப் பாருங்கள். எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அலுமினியம் அதைப்போல ஏறக்குறைய 15 மடங்கு வேகமாகக் கடத்தும். அதனால் மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் தீ படுகிற இடம் மட்டும் காய்ந்துபோகும். தள்ளுபடியில் கிடைத்ததே என்று நான் வாங்கிய ஒரு பளபளப் பாத்திரத்தில், முதல் நாளே அடுப்புத் தீயின் வட்டம் அச்சு எடுத்தது போலச் சோற்றின் அடியில் கருகியிருந்தது. வெள்ளை அரிசியாக இருந்தால் 15 நிமிடத்தில் தப்பித்திருக்கும். முக்கால் மணி நேரம் சிறு தீயில் உட்கார வேண்டிய அரிசிக்கு அந்தப் பாத்திரம் லாயக்கில்லை.

நடுவில் அலுமினியம் வைத்து இரண்டு பக்கமும் எவர்சில்வர் மூடிய மூன்றடுக்குப் பாத்திரம்தான் என் முதல் சிபாரிசு. வார்ப்பிரும்பில் எனாமல் பூசியதும் அருமை. சூட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும், மூடியே கனம். ஆனால் சோறு நிறைந்த பாத்திரத்தைத் தூக்க மணிக்கட்டில் பலம் வேண்டும், வாங்குமுன் கடையிலேயே தூக்கிப் பாருங்கள்.

மூடியைப் போட்டு விரலால் ஓரத்தைத் தட்டுங்கள். தடதடவென்று ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கண்ணாடி மூடி உள்ளே நடப்பதைக் காட்டும், ஆனால் அதன் சின்னத் துளை வழியாக ஆவி போகும், அதற்கு இரண்டு கரண்டி தண்ணீர் கூட வையுங்கள். அப்புறம் அளவு: அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பாதிப் பாத்திரம் இருந்தால் பொங்கி வழியாது. வருடத்துக்கு இரண்டு முறை வரும் விருந்துக்காகப் பெரியது வாங்காதீர்கள். அகலப் பாத்திரத்தின் அடியில் ஒரு டம்ளர் அரிசி மெல்லிய விரிப்பாகப் பரவி, வேகுமுன்னே காய்ந்துவிடும்.

கேள்வி: பிரஷர் குக்கர் நல்லதா, மின்சார ரைஸ் குக்கர் நல்லதா? ஒரே சுவிட்ச் உள்ள ரைஸ் குக்கரில் வைத்தால் அரிசி நறுக்கென்றே இருக்கிறது.

பதில்: அந்த ரைஸ் குக்கருக்குச் சோறு வெந்ததா என்று தெரியாது தம்பி, தண்ணீர் தீர்ந்ததா என்பது மட்டும்தான் தெரியும். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வற்றியதும் சூடு மேலே ஏறும். சாதாரண மாடல்களில் அடியில் ஒரு காந்தம் உண்டு, அந்தச் சூட்டில் அது பிடியை விட, சுவிட்ச் ‘டக்’கென்று மேலே வந்துவிடும். வெள்ளை அரிசிக்கு இது போதும். பழுப்பரிசியை நன்றாக ஊறவைத்து, தண்ணீரும் அரை டம்ளர் கூட்டினால்தான் ‘டக்’ சத்தம் தாமதமாக வரும். பழுப்பரிசிக்கென்று தனிப் பொத்தான் உள்ள மாடல்கள் பெரும்பாலும் ஊறவும் வேகவும் கூடுதல் நேரம் கொடுக்கின்றன.

என் ஓட்டு பிரஷர் குக்கருக்குத்தான். உள்ளே 120 டிகிரி வரை போவதால் ஊறாத அரிசியே 20 நிமிடத்தில் வெந்துவிடும். ஆவி அதிகம் போகாததால் டம்ளருக்கு ஒன்றரைத் தண்ணீர் போதும். விசிலை எண்ணாதீர்கள், குக்கருக்குக் குக்கர் அது மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது, நுரை வந்து வெயிட் குழாயை அடைக்கும். பிரஷர் தானாக இறங்கட்டும். வீட்டில் நல்ல குக்கர் இருந்தால் இன்னொரு கருவிக்குச் செலவு செய்யாதீர்கள்.

கேள்வி: பழுப்பரிசியில் ஆர்சனிக் என்ற நச்சு அதிகம் என்கிறார்களே, விட்டுவிடலாமா?

பதில்: தவிட்டில்தான் அது அதிகம் தங்குகிறது, அதனால் வெள்ளை அரிசியைவிடக் கூடுதல் என்பது உண்மை. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், கனிம ஆர்சனிக்குக்கு (அதில் அதிக நச்சான வகை) வைத்திருக்கும் உச்சவரம்பே தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், தீட்டாததற்கு 0.35. விட வேண்டாம், சமைக்கும் முறையை மாற்றுங்கள். நிறையத் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு அதை வடித்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் வைத்துச் சிறு தீயில் வேகவையுங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் இந்த முறையால் பழுப்பரிசியின் ஆர்சனிக் பாதிக்கு மேல் குறைந்தது. கைக்குழந்தைக்கு மூன்று வேளையும் அரிசியே கொடுக்காமல் வேறு தானியமும் கொடுங்கள்.

கேள்வி: நான்-ஸ்டிக்கில் வைக்கலாமா?

பதில்: தாராளமாக. தண்ணீர் இருக்கும்வரை அது அதிகம் சூடாகாது. வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள், 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதைய ஆரம்பிக்கும்.

கேள்வி: மூன்று மாதம் முன்பு வாங்கிய அரிசியில் பழைய எண்ணெய் வாடை.

பதில்: தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, அது சிக்குப் பிடித்துவிட்டது. கழுவினாலும் போகாது, கொட்டிவிடுங்கள். இனி கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: என் கணவர் வெள்ளைச் சோறுதான் வேண்டும் என்கிறார். இரண்டையும் கலந்து வைத்தால் ஒன்று குழைகிறது, ஒன்று கடிக்கிறது.

பதில்: ஒன்றாகப் போட்டால் அப்படித்தான் ஆகும். பழுப்பரிசியை முதலில் வைத்து, 25 நிமிடம் கழித்து வெள்ளை அரிசியையும் அதற்கான தண்ணீரைக் கொதிக்கவைத்தும் சேர்த்து, ஒரு கிளறு கிளறி மூடிவிடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கும். முதல் வாரம் நாலில் ஒரு பங்கு பழுப்பரிசி போதும், அப்புறம் ஒவ்வொரு கைப்பிடியாகக் கூட்டுங்கள். என் வீட்டில் பாதிக்குப் பாதி வந்தபிறகுதான், ‘அரிசி மாற்றினாயா?’ என்று கேட்டார்.