ஓவர்டைம் இல்லாத மாதத்தில் வாடகையை ஏற்றலாமா?

கேள்வி (ஆரம்பாக்கம்): அக்கா, எனக்கு நாலு லைன் வீடு. வாடகை 4,500. இரண்டு வருஷமாக ஏற்றவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஓவர்டைம் நின்றுவிட்டது என்கிறார்கள் குடியிருப்பவர்கள். 500 ஏற்றலாமா?

பதில்: முதலில் கணக்குப் போடுங்கள் தம்பி. 500 ஏற்றினால் வீட்டுக்கு வருஷம் 6,000. அவர்கள் காலி செய்து, வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 4,500 போச்சு. அப்புறம் வெள்ளையடிப்பு, குழாய், புரோக்கர். ஏற்றியது அதிலேயே கரைந்துவிடும். தேதி தவறாமல் தருகிறவர்களை இப்போது விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து 200 என்று இன்றே சொல்லிவையுங்கள், அவர்களும் தயாராவார்கள். 2020 ஊரடங்கில், மார்ச் 29 அன்று, தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. நான் இரண்டு மாதம் வாங்கவில்லை. அன்று இருந்த மூன்று குடும்பங்கள் இன்றும் என் வீட்டில்தான் இருக்கின்றன.

கேள்வி (கும்மிடிப்பூண்டி): வீட்டு வரியும் லோன் வட்டியும் ஏறியதே, நான் என்ன செய்வேன்?

பதில்: உங்கள் கஷ்டமும் கஷ்டம்தான். ஆனால் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். 2022-ல் பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு வரி 25 சதவீதம் ஏறியது. வருஷம் 800 கட்டியவருக்கு 200 கூடுதல், அதாவது மாதம் 17 ரூபாய்கூட இல்லை. அதைக் காட்டி 500 கேட்பது நியாயமே இல்லை. லோன் வேறு. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4-லிருந்து 6.5 சதவீதமாக்கியது, தவணை நிஜமாகவே இறுக்கியது. அதைக் குடியிருப்பவரிடம் மறைக்காமல் சொல்லிக் கொஞ்சம் கேளுங்கள். சொத்து கடைசியில் உங்களுடையது, முழுச் சுமையையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

கேள்வி (தடா): எனக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம்தானா?

பதில்: இல்லை. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரச் சட்டம். அங்குள்ள வக்கீலைக் கேளுங்கள்.

கேள்வி (கவரப்பேட்டை, வாடகைக்கு இருப்பவர்): அக்கா, ஏற்றித் தராவிட்டால் தண்ணீரை நிறுத்துவேன் என்கிறார் ஓனர்.

பதில்: அவர் அப்படிச் செய்யக் கூடாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், தண்ணீரையும் கரண்டையும் துண்டிக்கத் தடை போடுகிறது. வாடகை ஏற்றமும் ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். வாடகையை நிறுத்தாமல் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். மீறித் தண்ணீரை நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். பயந்து ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துவிடாதீர்கள் அம்மா, அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது.