அடிப்பாகம் இல்லாத செருப்பு

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகள் ‘பேர்ஃபுட் சாண்டல்’ என்று ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு திரிகிறாள். அடிப்பாகமே கிடையாது; மேலே நூலும் மணியும் மட்டும். காலைக் காப்பாற்றாத செருப்புக்குக் காசா? போதாக்குறைக்கு, அடிப்பாகம் இல்லாததால் பௌத்த ஆலயமான ஷ்வேடகோன் பகோடாவுக்குள்ளேயே இதோடு போகலாம் என்று வாதம் வேறு செய்கிறாள். போகலாமா?
– ஒரு வாசகி, யாங்கோன்

பதில்: காலைக் காப்பாற்ற யாரும் அதை வாங்குவதில்லை, அம்மா. அது நகை. கால் விரலில் ஒரு வளையம், புறங்காலில் முக்கோணமாகப் படரும் குரோஷே பின்னல் அல்லது மணிச்சரம், கணுக்காலில் ஒரு முடிச்சு. மேல்நாடுகளில் கடற்கரையில் திருமணம் செய்துகொள்ளும் மணப்பெண்கள் விரும்பி அணிகிறார்கள். குதிகால் உயர்ந்த காலணி மணலில் புதையும். அலங்கரித்த உடைக்குக் கீழே வெறுங்கால் மொட்டையாகத் தெரியும்.

நம்மிடம் மெட்டியும் கொலுசும் இல்லையா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். இருக்கின்றன. ஆனால் மெட்டி போடுவதற்கு முதலில் கழுத்தில் தாலி ஏற வேண்டும். கணவன் போய்விட்டால் அதையும் கழற்றச் சொல்வார்கள். தன் கால் விரல் அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் பெண், மாப்பிள்ளை அமையும்வரை காத்திருக்க வேண்டுமா? நீ யார் வீட்டு மருமகள் என்று இந்த நூல் பின்னல் கேட்பதில்லை. அதன் கவர்ச்சியில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. உங்கள் எரிச்சலில் பாதியும் அங்கிருந்தே வரலாம்.

வீட்டு வாசல், பகோடா படி, காளி கோவில் நடை என்று போகுமிடமெல்லாம் செருப்பைக் கழற்றுகிற ஊர் இது. பாதத்துக்கு நகை பூட்ட இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? அதற்காக அனோரதா சாலை நடைபாதையில், வெற்றிலை எச்சிலுக்கு நடுவே, அதை மட்டும் அணிந்து நடக்க வேண்டாம். செருப்புக்கு மேலே அணிந்தாலோ, விரலிடுக்கு வார் வளையத்தோடு உரசும். மழைக்காலத்தில் பருத்தி நூல் ஈரம் குடித்துக் கனக்கும்.

பகோடா வாதம் மட்டும் செல்லாது. காலுறைக்கும்தான் செருப்பைப்போல் அடிப்பாகம் இல்லை. அதையும் அங்கே கழற்றத்தான் சொல்கிறார்கள். இந்த விஷயத்தில் பர்மாவுக்கு நினைவாற்றல் அதிகம். 1875-இல் பர்மிய மன்னர் மின்டோனின் அவையில் பிரிட்டிஷ் தூதர் ஃபோர்சைத் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் அமர்ந்தார். இனிமேல் கழற்ற மாட்டோம் என்று கல்கத்தாவிலிருந்த பிரிட்டிஷ் இந்திய அரசு பிறகு முறுக்கிக்கொண்டது; மன்னரும் விட்டுக்கொடுக்கவில்லை. 1919-இல் மண்டலேயின் எய்ந்தவ்யா பகோடாவுக்குள் காலணியோடு நுழைந்த ஐரோப்பியர்களைப் பிக்குகள் தாக்கினார்கள். ஒரு பிக்குவுக்கு ஆயுள் தண்டனையே கிடைத்தது. காலணி பற்றி முடிவு செய்யும் பொறுப்பை அந்தந்தப் பகோடாவின் பொறுப்பாளர்களிடமே அரசு விட்டது அதற்குப் பிறகுதான். இவ்வளவும் நடந்த நாட்டில், வாசலில் நிற்கும் காவலரிடம் உங்கள் அக்காள் மகள் சட்ட நுணுக்கம் பேச வேண்டாம். முடிச்சை அவிழ்த்துப் பைக்குள் போட எவ்வளவு நேரமாகும்? கொலுசை யாரும் ஏனென்று கேட்கப்போவதில்லை; அது இருக்கட்டும்.

எங்கே வாங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்று தோன்றுவதால் சொல்கிறேன்: மெல்லிய அடிப்பாகம் வைத்த ஓட்டக்காரர் செருப்பும் இணையத்தில் இதே பெயரில் விற்கிறது, படத்தைப் பார்த்து வாங்குங்கள். குரோஷே ஊசி பிடிக்கத் தெரியுமானால் அதுவும் தேவையில்லை. ஒரு நூல்கண்டு போதும், இரண்டு கால்களுக்கும் நீங்களே பின்னிக்கொள்ளலாம்.