பத்மநாபபுரம் அரண்மனை: போக முதல் கேட்டவைக்கு

நாகர்கோவில் பக்கம் போக வெளிக்கிட்ட கொஞ்சப் பேர் பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றிக் கேட்டிருந்தினம். பழைய வீடுகளின்ர மரவேலை பாக்கிறது என்ர தொழில். அந்தக் கண்ணாலதான் பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அண்ணை, அது தமிழ்நாடோ கேரளாவோ? எந்த நாளும் திறந்திருக்குமோ? (இணுவில்)

நிலம் தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைக்குக் கிட்ட. அரண்மனை கேரளாவின்ர. 1956ல மாநிலம் பிரிக்கேக்க மாவட்டம் இஞ்சால வந்திட்டுது, அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை விடேல்லை. திங்கக்கிழமை பூட்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கும் பூட்டுவினம். அதால காலமை திறக்கிற நேரத்துக்கே வாசலில நிண்டால் நல்லது.

படத்தில பாத்தால் ஓட்டு வீடு மாதிரிக் கிடக்கு. மைசூர் மாதிரி மினுக்கம் ஒண்டும் இல்லையோ? (மானிப்பாய்)

ஓட்டு வீடுதான் தம்பி. மினுக்கம் வேணுமெண்டால் மைசூருக்கே போங்கோ. அது 1912ல முடிஞ்ச கட்டடம். இது 1601 அளவில தொடங்கி, 1750 வாக்கில திருவிதாங்கூர் மகாராசா மார்த்தாண்ட வர்மர் திருப்பிக் கட்டினது. 1795 மட்டும் திருவிதாங்கூரின்ர தலைநகரம் இதுதான்.

இஞ்ச காசு முழுக்க மரத்தில போயிருக்கு. பூமுகத்துக்குள்ள, அதுதான் வாசல் மண்டபம், காலை வைச்ச உடன அண்ணாந்து பாருங்கோ. முகட்டுப் பலகையில 90 பூ செதுக்கியிருக்கு, ஒண்டைப்போல மற்றது இல்லை. அதுக்கு மேல இருக்கிற மந்திரசாலையில, மன்னர் ஆலோசனை நடத்தின அறை, சாளரத்துக்கு மைக்காத் தகடு. வெளியில வெயில் கொளுத்தேக்க உள்ளுக்கு விசிறி இல்லாமலே இருக்கலாம். தாய்க் கொட்டாரம் எண்ட பகுதிதான் எல்லாத்திலயும் பழசு. கொட்டாரமெண்டால் அரண்மனை. அங்க ஏகாந்த மண்டபத்தில ஒற்றைப் பலாமரத்தில செதுக்கின தூண் ஒண்டு நிக்குது. அதுக்கு முன்னால நிண்டனெண்டால் என்னைக் கூட்டிக்கொண்டு போனவைக்குப் பொறுமை போயிடும்.

அந்தக் கொட்டாரத்தின்ர நடு முத்தத்தைக் கரவெட்டியிலயோ வட்டுக்கோட்டையிலயோ வளந்த ஆளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாலு பக்கமும் தாழ்வாரம், மழை உள்ளுக்கு விழும். எங்கட நாற்சார் வீடுதான். அவை எண்ணெய் பூசிப் பாதுகாக்கினம். நாங்கள் தீராந்தி உக்கி ஓடு சரியுமட்டும் பாத்துக்கொண்டிருக்கிறம். நல்லூரில இருக்கிற பழைய மாளிகை, மந்திரிமனை, கிடக்கிற கிடையைப் பாக்க எனக்கு இன்னும் வயிறு எரியும்.

அரண்மனைக்குள்ள இருக்கிற கறுப்பு நிலம் சிரட்டைக்கரியாலயாம். வீட்டு விறாந்தைக்குப் போடலாமோ? (சுன்னாகம்)

சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எண்டுதான் சொல்லுவினம். முட்டை விலையை ஒருக்கா விசாரிச்சிட்டு வாங்கோ தங்கச்சி! சாமானைவிட அதைத் தேய்ச்சு மினுக்கின கைதான் பெரிசு. விறாந்தைக்குச் சிவப்புச் சீமெந்து காணும்.

யாழ்ப்பாணக் கோட்டைக்கும் இதுக்கும் தொடர்பிருக்கெண்டு ஆரோ சொல்லிச்சினம், உண்மையோ? (குருநகர்)

நேர்த் தொடர்பு இல்லை. ஆனால் ஆக்கள் ஒண்டு. 1658ல யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச அதே ஒல்லாந்தக் கும்பனிதான் மிளகு வியாபாரத்தில மார்த்தாண்ட வர்மரோட கொழுவி, இலங்கையிலயிருந்து படையை அனுப்பினது. 1741 ஆகஸ்ட் 10, குளச்சல் கடற்கரையில அவைக்குச் செம தோல்வி. பிடிபட்ட டி லனாய் எண்ட அதிகாரி பிறகு மகாராசாவின்ர படைக்கே பயிற்சி குடுத்து, கடைசிமட்டும் அங்கயே இருந்தவர். அவர் சரணடையிற ஓவியம் அரண்மனையில இருக்கு. கல்லறை கிட்டடியில, உதயகிரிக் கோட்டைக்குள்ள. 1777ல செத்த மனுசனின்ர கல்லில லத்தீனோட தமிழும் வெட்டியிருக்கு. அதையும் பாக்காமல் திரும்பாதேங்கோ.

அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. கூட்டிக்கொண்டு போகலாமோ, மாமா? (கோண்டாவில்)

கீழ்ப்பகுதி பாக்கலாம், பிள்ளை. மேல ஏறிற மரப்படி ஒடுக்கமும் செங்குத்தும். அதில ஏத்தாதேங்கோ. செருப்பு வாசலிலயே கழட்டோணும், நடை கனதூரம். மூலிகைக் கட்டில் இருக்கிற உப்பரிகை மாளிகையை அவவுக்குப் படத்தில காட்டுங்கோ. ஊட்டுப்புரையில, ஆயிரக்கணக்கான ஆக்களுக்குச் சோறு போட்ட நீளமான மண்டபம், ஆறுதலா நிக்கலாம்.

சுரங்கப்பாதை? (நல்லூர்)

இருக்கெண்டு வழிகாட்டி சொல்லுவார். உள்ளுக்கு விடமாட்டினம். அடுத்த கேள்வி.

டிக்கெட் எங்களுக்கும் உள்ளூர் விலையோ? (அரியாலை)

வெளிநாட்டவருக்கு வேற கட்டணம். தமிழ் கதைக்கிறம்தானே எண்டு உள்ளூர் வரிசையில நிண்டு பிறகு முழிக்காதேங்கோ. கமராவுக்கும் தனியாக் காசு.

எந்த மாதம் போறது நல்லம், ஐயா? (பருத்தித்துறை)

மழைக்காலத்தைத் தவிர்த்தால் எப்பவும் சரி. நவராத்திரிக்குக் கொஞ்சம் முந்தி போகக் கிடைச்சால் விடாதேங்கோ. அரண்மனைக் கோயில் சரஸ்வதியை யானையில ஏத்தி, வேளிமலைக் குமாரசுவாமியோடயும் சுசீந்திரம் முன்னூற்றி நங்கையோடயும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாக் கொண்டுபோவினம். ஆனால் அண்டைக்குச் சனத்துக்குள்ள அரண்மனையைச் சுத்திப் பாக்க ஏலாது. அதுக்கு வேற ஒரு நாள் வைச்சுக்கொள்ளுங்கோ.