மங்குக்கு அதிமதுரப் பொடி பூசினால் கேட்குமா?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறேன். இரண்டு கன்னத்திலும் மங்கு. அதிமதுரப் பொடியைப் பாலில் குழைத்து மூன்று மாதமாகப் போடுகிறேன், தினமும் நலங்கு மாவும் தேய்க்கிறேன். மாற்றமே இல்லை. எந்த மூலிகைதான் கேட்கும்?

பதில்: முதலில் அந்த நலங்கு மாவில் கார்போக அரிசி (பெயர்தான் அரிசி, இது ஒரு மூலிகை விதை) இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பாதிரிப்புலியூரானாலும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டானாலும், நலங்கு மாவுச் சாமான் கேட்டால் பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சளோடு அதையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதுண்டு. அதிலுள்ள சோராலன் என்ற பொருள் வெயில் பட்டதும் தோலைக் கறுக்க வைக்கும். வெண்புள்ளிக்கு அது மருந்தானதே இதனால்தான். மங்கு உள்ள முகத்துக்கு அது நேர் எதிரி, எடுத்துவிட்டு அரையுங்கள். எலுமிச்சை மூடியை முகத்தில் தேய்ப்பதும் வேண்டாம், அதன் தோலிலும் இந்தக் குடும்பத்துப் பொருள்கள் உண்டு.

அதிமதுரத்தைத் தேர்ந்தெடுத்தது சரி, குழைத்த விதம்தான் தப்பு. தோலில் கருமை உண்டாக்கும் மெலனினை உருவாக்குவது டைரோசினேஸ் என்ற நொதி. அதைத் தடுப்பது வேரிலுள்ள கிளாப்ரிடின். அது தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். பாலிலோ பன்னீரிலோ குழைத்தால் இறங்குவது பெரும்பாலும் இனிப்புப் பொருளான கிளிசிரைசின், அது இந்த வேலையைச் செய்யாது. வேரில் கிளாப்ரிடின் இருப்பதே சொற்பம். அதனால் வாங்கும்போது ‘அதிமதுரச் சாறு’ என்று மட்டும் போட்டிருப்பதை விட்டு, கிளாப்ரிடின் என்று பெயர் சொல்லி எழுதிய க்ரீமைப் பாருங்கள்.

அடுத்தது, அதே நொதியைத் தடுக்கும் அர்புட்டின். பியர்பெரி என்ற குளிர்நாட்டுச் செடியின் இலையில் இருப்பது. கடையில் கிடைக்கும் ஆல்ஃபா அர்புட்டின் அதன் உறவுக்காரப் பொருள், நொதி வைத்துத் தயாரிப்பது. முகத்துக்கு 2% போதும், ஐரோப்பாவில் முக க்ரீமுக்கு உச்ச வரம்பும் அதுதான். சிதைந்தால் ஹைட்ரோகுவினோன் என்ற வீரியமான, கருமையை வெளுக்கும் மருந்துப் பொருள் வெளிப்படும் என்பதால் வண்டிப் பெட்டியிலோ வெயில் விழும் ஜன்னலிலோ வைக்காதீர்கள்.

என் கணக்கில் மங்குக்கு இவற்றைவிட ஆதாரம் வலுவானது அசெலாயிக் அமிலம். கோதுமை, பார்லியில் இருக்கிறது. அதற்காக கோதுமை மாவைப் பூசிப் பயனில்லை! 20% க்ரீமைக் காலை, இரவு பட்டாணி அளவு பூச வேண்டும். 24 வாரச் சோதனையில் 4% ஹைட்ரோகுவினோனுக்கு ஏறத்தாழ ஈடாக நின்றது. முதல் இரண்டு வாரம் சுருக்கென்று குத்தும், அரிக்கும். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் தொடங்குங்கள். எரிச்சலை அடக்கிக்கொண்டு பூசினால் நம் நிறத் தோல் அந்த எரிச்சலாலேயே இன்னும் கறுக்கும். கர்ப்ப காலத்து மங்குக்கும் பொதுவாக இதைத்தான் தேர்வார்கள், ஆனால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பூசுங்கள்.

மூன்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாது. ஒன்றை எடுத்து, முழங்கை உள்பக்கம் தினம் இரண்டு வேளை, ஏழு நாள் பூசிப் பார்த்த பிறகு முகத்துக்குப் போங்கள். 8 முதல் 12 வாரம் ஆகும் முன் தீர்ப்பு சொல்ல வேண்டாம். ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் மாதம் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள், கண்ணாடி ஏமாற்றும்.

இத்தனையும் செய்து சன்ஸ்கிரீன் இல்லையென்றால் வீண். மங்கைக் கிளறுவது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான். வெள்ளை சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயம் உள்ளதை வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வையோடு வழிந்துவிடும், வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு தடவை மறுபடி பூச வேண்டும்.

மருந்துக் கடையில் சீட்டில்லாமல் நீட்டும் ‘மூன்று மருந்து’ க்ரீமைத் தொடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்தது, சில வாரத்தில் பளிச்சென்று தெரியும், தொடர்ந்தால் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும், நிறுத்தியதும் மங்கு திரும்பும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களென்றால் தோல் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். மங்கு பழுப்பாக இல்லாமல் சாம்பல் நீலமாகத் தெரிந்தால் நிறமி ஆழத்தில் இருக்கிறது. மேலே பூசுவது எதுவானாலும் அங்கே மெதுவாகத்தான் வேலை செய்யும்.