கல்யாண வேலை செய்பவர்கள் ஒன்று சேர்ந்தால், வீணாக்காத, யாரையும் ஒதுக்காத கல்யாணம் நடத்த முடியுமா?

முடியும். நான் இருக்கும் ஊரில் கொஞ்சம் நடந்திருக்கிறது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

மேடை அலங்காரத் தொழிலில் புதிதாக இறங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பூவையும் சாப்பாட்டையும் குப்பையில் கொட்டாமல், யாரையும் ஒதுக்காமல் தொழில் செய்ய ஆசை, ஆனால் மற்ற தொழில்காரர்கள் எல்லாம் போட்டியாளர்கள் ஆயிற்றே என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக முதல் இரண்டு மூன்று ஆர்டர் முடித்திருப்பீர்கள். மண்டபத்தில் யாரும் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மதுரையில் பதினாறு வருஷமாக மணமேடை அலங்காரம் செய்கிறேன். அதில் முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம், கூட வேலை செய்யும் சமையல் மாஸ்டரின் பெயர்கூடத் தெரியாமல்தான் வேலை பார்த்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று 2022 ஆவணியில் ஒரு முகூர்த்தத்தில் தெரிந்தது.

அந்தக் கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சக்கர நாற்காலியில்தான் இருந்தார். எனக்கு அது தெரியாது. என்னிடம் பேச வந்தது பெண்ணின் சித்தப்பா. என்ன கலர் என்று கேட்டேன், என்ன பூ என்று கேட்டேன், எவ்வளவுக்குள் முடிக்கணும் என்று கேட்டேன். மேடையில் யார் யார் ஏறுவார்கள் என்று கேட்கவில்லை. அந்த மண்டபத்து மேடை மூன்றரை அடி உயரம், ஏழு படி. படியின் இரண்டு பக்கமும் பூஜாடி வைத்து, மேலே ஒரு பூ வளைவும் கட்டியிருந்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

காலை ஐந்தே முக்கால் இருக்கும், அவரை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். படியைப் பார்த்தார். பக்கத்தில் பூ சரிசெய்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, "பரவால்ல தாயி, நான் கீழயே இருந்துக்கிறேன்" என்றார். தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் அவர். ஐயர் மேலே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கடைசியில் நாலு பையன்கள் நாற்காலியோடு தூக்கினார்கள். ஜாடி வைத்திருந்ததால் படியில் அகலம் போதவில்லை. ஒரு சக்கரம் இடித்து ஜாடி சரிந்து தண்ணீரும் பூவும் படி முழுக்கக் கொட்டியது. நாற்காலி சாய்ந்ததில் அவர் வேட்டி நழுவியது. வேலை செய்கிற ஒரு கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வீடியோ லைட் முழுக்க அவர் மேல். மண்டபமே பார்த்தது. மேலே போய் உட்கார்ந்த பிறகும் அவர் தலை நிமிரவில்லை. மகள் அழுததை எல்லாரும் பிரிவு என்று நினைத்தார்கள்.

பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது பின்கட்டில் டீ குடிக்கப் போனேன். மாஸ்டரிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் சொன்னதை மறக்க முடியாது. "முந்தாநாளே தெரியும்மா. அவருக்கு முழுங்க முடியாது, எல்லாத்தையும் குழைய அடிச்சுத் தனியா வேணும்னு சொல்லிட்டாங்களே." பாத்திரங்களை வண்டியிலிருந்து உருட்டி இறக்க அவரிடம் ஒரு சாய்வுப் பலகையும் இருந்தது. முதல் நாள் ராத்திரி நாற்காலி வந்து இறங்கியதை மண்டப மேனேஜர் பார்த்திருக்கிறார். பந்தல் அண்ணன் லாரியில் பலகை அடுக்கி வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்திருக்கிறது. பலகையும் இருந்திருக்கிறது. ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, அவ்வளவுதான். பூ வைத்து வழியை அடைத்தது நான்.

எங்களுக்கு ஏற்கெனவே ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. 2020இல் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்த சமயத்தில், வேலையில்லாமல் ஆரம்பித்தது. அரிசி யாருக்கு வேண்டும், வண்டித் தவணை கட்ட யாரிடம் கைமாற்று கிடைக்கும் என்று அதில் பேசுவோம். அந்த ஆவணிக்குப் பிறகு மாஸ்டரும் நானும் சேர்ந்து ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்தக் கல்யாணத்து ஆட்கள் எல்லாம் பத்து நிமிஷம் போனில் பேசுவது. மேடை, சமையல், பந்தல், மைக்செட், வீடியோ, மண்டபம் எல்லாரும். நடக்க முடியாதவர் யார், பந்தி மாடியில் என்றால் லிஃப்ட் ஓடுகிறதா, சாப்பாட்டில் யாருக்கு என்ன ஆகாது, எந்தச் சாமான் யாரிடம் மிச்சம் இருக்கிறது. இவ்வளவுதான் பேச்சு.

சாய்தளம் செய்யப் போனபோதுதான் கணக்கு புரிந்தது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் சக்கர நாற்காலிக்கான அளவு. அதற்கு மேல் செங்குத்தாக இருந்தால் ஏற்றுகிறவர் கை வழுக்கும், இறங்கும்போது நாற்காலி ஓடிவிடும். அப்படியென்றால் மூன்றரை அடி மேடைக்கு நாற்பத்திரண்டு அடி வேண்டும். பாதி மண்டபம் போய்விடும். பந்தல் அண்ணன்தான் சொன்னார், "சாய்தளத்த ஏன் மேல தூக்கறீங்க, மணவறையக் கீழ இறக்குங்க" என்று. இப்போது தேவைப்படும் கல்யாணத்தில், மண்டபத்து மேடையைப் பின்னணியாக மட்டும் விட்டுவிட்டு, அதன் முன்னால் தரையில் ஒரு அடி உயரத்தில் மணவறை போடுகிறோம். பன்னிரண்டு அடி சாய்தளம், ஆறு ஆறு அடியாக இரண்டு துண்டு. வீடியோக்காரர்கள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, கூட்டம் எழுந்து நின்றால் தாலி கட்டுவது மறைந்துவிடும் என்றார்கள். நியாயம்தான். முதல் வரிசைக்கும் மணவறைக்கும் நடுவே எட்டடி காலியாக விட்டு அதையும் சரிசெய்தோம்.

பூ விஷயமும் இதே கதைதான். எங்கள் பக்கம் வரவேற்புச் செலவு பெரும்பாலும் மாப்பிள்ளை வீடு, முகூர்த்தச் செலவு பெண் வீடு. அதனால் ஒரே மேடைக்கு இரண்டு அலங்காரக்காரர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவர் பிய்த்துப் போடுவார், ஒரு மணிக்கு இன்னொருவர் புதுப் பூ இறக்குவார். ஐந்து மணி நேரம்கூட நிற்காத செவ்வந்தியும் ஓசூர் ரோஜாவும் மூட்டை மூட்டையாக மாநகராட்சித் தொட்டிக்குப் போகும். நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு பூப் பறிக்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த மூட்டையைப் பார்த்தால் வயிறு எரியும். இப்போது குழுவில் இருக்கிறவர்கள் முதலிலேயே பேசிவிடுகிறோம். வரவேற்புக்கு வெள்ளையும் பச்சையும் அடித்தளமாக ஒருவர் கட்டுவது, அதன் மேல் மஞ்சளும் சிவப்பும் சேர்த்து முகூர்த்தத்துக்கு அடுத்தவர் மாற்றுவது. இரண்டு வீட்டுக்கும் பூச்செலவு குறையும், எங்களுக்கும் ஒரு ராத்திரி வேலை பாதியாகும்.

கழிந்த பூ இப்போது ஒரு தென்னந்தோப்புக்கு உரமாகப் போகிறது. அங்கேதான் எனக்கு இன்னொரு பாடம். ஓயாசிஸ் என்று நாம் சொல்லும் பச்சை நுரைக்கட்டி இருக்கிறதே, அது மண்ணாகாது. பிளாஸ்டிக்தான். கையில் பொடிந்து போவதைப் பார்த்து, அது மக்கும் என்று பல வருஷம் நம்பியிருந்தேன். தோப்புக்காரர் ஒரு நாள் மண்ணைக் கிளறிக் காட்டினார், பூ எல்லாம் கறுத்து மண்ணோடு போய்விட்டது, பச்சைத் துணுக்கு மட்டும் அப்படியே மின்னியது. அன்றிலிருந்து பழையபடி வாழை மட்டையிலும் கோழி வலையிலும்தான் பூ குத்துகிறேன். நேரம் கூடுதலாகும், உண்மை. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டித் தரச் சொல்லி இன்னமும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கு 2019 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது. ஆனால் தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு இலைக்கும் ஒரு குட்டி பாட்டில், இரண்டு மடக்குக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். இதில் எங்களால் இன்னும் ஜெயிக்க முடியவில்லை. எவர்சில்வர் டம்ளர் என்றால் கழுவ ஆள் வேண்டும், அந்தக் கூலியை யார் தலையில் வைப்பது என்பதில் பேச்சு நிற்கிறது.

ஒதுக்குவது பற்றிக் கேட்டீர்கள். எங்களிடம் மாலை கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார், இருபது வருஷத்துக்கு முன் கணவரை இழந்தவர். இந்த ஊரில் அவர் கட்டும் கதம்ப மாலைக்கு ஈடு கிடையாது. ஒரு வீட்டில், அவர் மாலைத் தட்டை எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் வந்தபோது ஒரு பெரியம்மா வழி மறித்து, "வேற யாருட்டயாவது குடுத்து விடும்மா" என்றார். அக்கா ஒன்றும் சொல்லாமல் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கம் போய் நார் சுற்ற ஆரம்பித்துவிட்டார். ஒரு ராத்திரி முழுக்க அவர் விரல் பட்டுக் கட்டிய மாலை அது. அதற்குப் பிறகு ஆர்டர் பேசும்போதே, மாலையைக் கட்டினவர்தான் கொண்டுவந்து கொடுப்பார் என்று சொல்லிவிடுகிறேன். இதனால் இரண்டு ஆர்டர் போயிருக்கிறது, போகட்டும்.

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்று வரும் சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்புச் சொன்னது. தூத்துக்குடியில் ஒரு கோயிலில் நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்ததால் வந்த வழக்கு அது. சட்டம் சொல்லிவிட்டது சரி, பந்தல் போட ஆள் வேண்டுமே? எங்களுக்கு அப்படி ஓர் ஆர்டர் வந்தபோது மூன்று பேர், "அன்னைக்கு வேற வேலை இருக்கு" என்று நழுவினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தான் ஒருவன் மட்டும் போனால் மற்ற வாடிக்கை போய்விடுமோ என்ற பயம். மாஸ்டர்தான் குழுவில் முதலில், "சமையல் நான் பாத்துக்கிறேன்" என்று எழுதினார். அரை மணி நேரத்தில் பந்தல், மைக்செட், வீடியோ எல்லாம் வந்துவிட்டது. எல்லாரும் போனால், நீ ஏன் போனாய் என்று ஒருவரைத் தனியாகப் பிடித்துக் கேட்க முடியாது பாருங்கள்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் வருவார்கள், கல்யாணத்தை ஆடம்பரமாக்கிச் சம்பாதிக்கிறவள் குப்பையைப் பற்றிப் பேசலாமா, பதிவு அலுவலகத்தில் முடித்துக்கொண்டால் போதாதா என்று. தாராளமாக முடித்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கல்யாணம் வைக்கிறவர்கள் வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். பூப் பறிக்கிறவரிலிருந்து இலை எடுக்கிறவர் வரை அதில்தான் அடுப்பு எரிகிறது. ஆடியிலும் மார்கழியிலும் அந்த அடுப்பு எப்படி எரிகிறது என்று கேட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மிச்சப் பணம். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கையில் காசு வைத்தால்தான் பூ. மாலை கட்டும் பெண்களுக்கு அன்றன்றைக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஆனால் முகூர்த்தம் முடிந்து பாக்கி கேட்கப் போனால், "இன்னும் மொய் எண்ணி முடிக்கலம்மா" என்பார்கள். மறுவாரம் போனால் மறுவீடு, அதற்கடுத்த வாரம் போன் எடுக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் முப்பத்தெட்டாயிரம் பாக்கிக்கு ஏழு தடவை படி ஏறினேன். ஆறாவது தடவை, "உங்க வீட்டுக்காரர வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்றார்கள். என் தொழிலுக்கு என் வீட்டுக்காரர் எதற்கு? அந்தப் பணம் இன்னும் வரவில்லை. இப்போது குழுவில் எல்லாருமே, முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலைக்குள் முழுப் பணம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஒருவருக்குக் கொடுக்காத வீட்டுக்கு மற்றவர்களும் ஆர்டர் எடுப்பதில்லை. சிலர் இதை மிரட்டல் என்கிறார்கள். கூலி கொடுக்க நகையை அடகு வைத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. எந்த ஊராக இருந்தாலும், அடுத்த ஆர்டரில் மேடை வேலையைத் தொடங்கும் முன் பின்கட்டுக்குப் போய் மாஸ்டரைப் பார்த்து நம்பர் வாங்குங்கள். சங்கம், பதிவு, தலைவர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்களுக்கு இன்னும் தலைவர் கிடையாது.

எங்கள் சாய்தளம் பந்தல் அண்ணன் கடையில் இருக்கிறது. மதுரைப் பக்கம் வேலை வந்தால் கேளுங்கள், வாடகை கிடையாது, குட்டியானைச் செலவு மட்டும் உங்களுடையது. திருப்பிக் கொடுக்கும்போது மேலே ஒட்டியிருக்கும் ரப்பர் விரிப்பை நன்றாகத் துடைத்துக் காயவைத்துக் கொடுங்கள். பூத்தண்ணீர் பட்டு ஊறினால் அடுத்த தடவை சக்கரம் வழுக்கும்.