டீச்சரைக் கேளுங்கள்: மட்டி தோண்டப் போகலாமா?

கேள்வி (வாசகி, வேளச்சேரி): போன கோடையில் சியாட்டிலில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கடல் வற்றும் நேரம் பார்த்துக் குடும்பமாக மட்டி (உயிருள்ள கிளிஞ்சல்) தோண்டினோம். லைசென்ஸ் உண்டு, ஆளுக்கு 40தான், ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்ததைத் திரும்பப் புதைக்க வேண்டும், தோண்டிய குழியை மூட வேண்டும் என்று ஏகப்பட்ட சட்டம்! பேரப்பிள்ளைகள் டிசம்பரில் சென்னை வருகிறார்கள். "உங்க ஊர்ல எங்க தோண்டலாம் பாட்டி?" என்று நச்சரிக்கிறார்கள். எங்கே கூட்டிப் போக, டீச்சர்?

பதில்: டிசம்பர் சரிப்படாதும்மா. மழை வெள்ளம் கழிமுகங்களில் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும் மாதம் அது. உப்பு குறைந்தால் மட்டி தன் இரண்டு ஓடுகளையும் இறுக மூடிக்கொள்ளும். நாள் கணக்கில் அப்படியே இருந்தால் செத்தும் போகும். முடிந்தால் பொங்கலுக்கு அப்புறம் வரச் சொல்லுங்கள்.

சியாட்டிலைப் போல இங்கே கடல் வெகுதூரம் உள்வாங்காது. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் மூன்று மீட்டருக்கு மேல் வித்தியாசம். நமக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட ஒரு மீட்டர் சுமார்தான். அதனால் மண்வெட்டி வேண்டாம். முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்று குதிகாலை மணலில் திருகினால் போதும். கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் கையை விட்டு எடுங்கள். என் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனபோதெல்லாம் இதற்குத்தான் பெரிய கூச்சல்.

கிளம்பும் முன் கோவளத்து மீனவர்களிடம், அந்தக் கழிமுகம் கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். மணல் திட்டு அடைத்துவிட்டால் கடலின் ஏற்ற இறக்கம் உள்ளே எட்டாது. காலண்டரில் பௌர்ணமி பார்த்துப் போய்ப் பயனில்லை. திறந்திருந்தால் அந்த வாய்ப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள், இழுப்பு அதிகம். அப்புறம், இந்தக் கழிமுகங்களில் இருளர் பெண்கள் பறி என்ற கூடையை வாயில் கவ்விக்கொண்டு கையாலேயே இறாலைத் தடவிப் பிடிப்பார்கள். அது அவர்கள் வீட்டு அன்றைய சோறு. நாம் பக்கத்தில் இறங்கித் தண்ணீரைக் கலக்குவது அழகல்ல.

எடுத்ததைச் சமைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். பார்த்துவிட்டு அங்கேயே புதைத்துவிடுங்கள். மட்டி தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித்தான் தின்கிறது. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது அதன் உடம்பிலும் சேரும். நான் எண்ணூர்க்காரி. அம்மா வைத்த மட்டிக் குழம்பை நினைத்தால் இன்றும் எச்சில் ஊறும். ஆனால் அனல் மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெயும் படிந்த எங்கள் ஊர்க் கழிமுகத்து மட்டியை இப்போது வாயில் வைக்க மாட்டேன். அடையாறு, கூவம் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயமும் காட்மியமும் எங்கே போகும்?

பேரப்பிள்ளைகள் ரொம்பச் சின்னவர்களா? அப்படியானால் நீலாங்கரைக் கடற்கரையே போதும். அலை வடியும்போது நகத்தளவு முக்கோண மட்டிகள் வெளியே தெரிந்து, மறு நொடியே நட்டுக்குத்தலாக மணலுக்குள் போய்விடும். அவற்றோடு போட்டி போடட்டும். ஈர மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மேலே காய்ந்த மணலில் பங்குனி ஆமை முட்டையிட்டிருக்கும்.

கேள்வி (வாசகர், திருவொற்றியூர்): கரையில் பொறுக்கும் மட்டி ஓடுகளில் அழகாக ஒரு வட்டத் துளை இருக்கிறதே, யார் போட்டது என்கிறாள் மகள்.

பதில்: மணலுக்குள் ஊரும் ஒரு உருண்டை நத்தை. மட்டியைத் தன் தசைக்காலால் போர்த்திப் பிடித்து, அமிலச் சுரப்பால் மேலோட்டை இளக்கி, நாக்கில் உள்ள பற்களால் அராவித் துளைத்து உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். சட்டைக் காலர் போல வளைந்த மணல் பட்டை கரையில் கிடந்தால், அதுவும் அந்த நத்தையுடையதுதான். முட்டைகளை மணலோடு ஒட்டி வைத்திருக்கிறது. உடைக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். துளை விழுந்த ஓடுகளைக் கோத்து மாலை கட்டிக்கொள்ளட்டும்.

கேள்வி (வாசகி, ராயபுரம்): வாங்கிய மட்டியில் மண் கடிக்கிறது. என்ன செய்ய?

பதில்: வெறும் தண்ணீரில் போட்டால் வாயையே திறக்காது. லிட்டருக்கு 30 கிராம் உப்பு கரைத்து, இருட்டான இடத்தில் சில மணி நேரம் வையுங்கள். மண்ணைத் தானே கக்கிவிடும். தட்டியும் மூடாததைச் சமைக்காதீர்கள், வெந்தும் திறக்காததைச் சாப்பிடாதீர்கள்.